கடல் எங்கே போயிற்று?

என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஜனவரி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினாள். பூகோளக் கள ஆய்வுக்காக இரண்டு சனிக்கிழமைகள் குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம், சம்மதமானால் கையெழுத்திட்டு அனுப்பவும் என்று அதில் கண்டிருந்தது.

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "திருவல்லிக்கேணியிலே குடியிருக்கோம். வாரம் ரெண்டு தரம் போகிற பீச்சுக்குக் கையெழுத்து வேறே! அங்கே படிக்கிறதுக்கு என்ன இருக்கு, சுண்டலா?"

காகிதத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர்களில் நாலு பேர் வேண்டுமாம். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீதானே பத்திரிகைக்காரி. போய்ப் பார்த்துட்டு வா. ஏதாவது அர்த்தம் இருந்தா எனக்கும் சொல்லு."

அண்ணியிடம் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு காகிதம் வரக்கூடும். வராவிட்டால், வரவழைக்க நீங்களே பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போகலாம்.

முதலில் என் சொந்தக் கதை ஒன்று. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு முறை எங்களை ஏரி பார்க்க அழைத்துப் போனார்கள். பஸ்ஸில் அந்தாக்ஷரி பாடிக்கொண்டே போனோம். ஏரிக்கரையில் வரிசையாக நின்றோம். "இதுதான் ஏரி, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் வாத்தியார். பார்த்துக்கொண்டோம். புளியோதரை சாப்பிட்டோம். திரும்பி வந்தோம். மறுநாள், 'நான் கண்ட ஏரி' என்ற கட்டுரையை அவரே கரும்பலகையில் எழுதிப் போட, நாங்கள் எல்லோரும் பார்த்து எழுதினோம். அதில் முதல் மார்க் யாருக்குத் தெரியுமா? காய்ச்சலென்று ஏரிக்கு வராமலே வீட்டில் படுத்திருந்த பையனுக்கு! அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இந்த அனுபவத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் பூகோள ஆசிரியையைப் பார்க்கப் போனேன். நாற்பது வயசு இருக்கும் அவருக்கு. குரல் மிகவும் மெது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் அல்ல என்பது ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

"எங்கே போவது என்று முதலில் தீர்மானிக்கக் கூடாதுங்க. என்ன கேட்பது என்றுதான் முதலில் தீர்மானிக்கணும்" என்றார்.

அவர் வகுப்பில் போன மாதமே அந்த வேலை ஆரம்பித்துவிட்டதாம். ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் சொல்கிறோமே, விவேகானந்தர் இல்லம், அதன் பழைய கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறார். 1840-களில் அமெரிக்காவிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் கட்டிகள் கப்பலில் சென்னைக்கு வரும். கப்பல் கடலில் தள்ளி நிற்கும். மசூலாப் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வந்து அந்தக் கட்டடத்தில் சேமித்து வைப்பார்கள். கரைக்கு வந்த ஐஸ் வெயிலில் உருகுவதற்குள் உள்ளே போக வேண்டும். அதற்காகவே கடலுக்கு வெகு அருகில் கட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டு, "இப்போது அந்த வாசலில் நின்றால் கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று கேட்டாராம். வகுப்பில் ஆளுக்கு ஒரு விடை. நூறு மீட்டர் என்றான் ஒருவன். ஒரு கிலோமீட்டர் என்றாள் இன்னொருத்தி.

"சரி, போய் அளந்து பார்த்துவிடுவோம். கடல் எங்கே போயிற்று என்றும் கேட்டுவிடுவோம்" என்றாராம் ஆசிரியை. இப்படித்தான் அந்தக் காகிதம் பிறந்தது.

'மெரினாவைப் பற்றி அறிந்து வருக' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிலைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும், அளந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும், விடை கைடு புத்தகத்தில் இருக்கக் கூடாது. ஆசிரியையின் கட்டளைகள் இந்த மூன்றுதான்.

கேள்வி பிறந்த பிறகுதான் ஏற்பாடுகள். அப்பப்பா, ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய யோசனை அதில் இருந்தது! குழந்தைகளை அழைத்துப் போவதற்கு ஒரு வாரம் முன்னால், அதே கிழமை, அதே நேரம், ஆசிரியையும் நானும் போனோம். வேறு கிழமையில் போனால் கூட்டம் வேறு, வேறு நேரத்தில் போனால் வெயிலும் அலையும் வேறு. காணும் பொங்கல் கூட்டமும் குப்பையும் ஓயட்டும் என்றுதான் மாதக் கடைசியை வைத்திருந்தார். நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பதரை.

அவர் முதலில் தேடியது எதைத் தெரியுமா? கழிப்பிடத்தை. அது திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் போட முடிகிறதா என்று மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். நம் வீடுகளில் பெண் குழந்தைகளை வெளியே அனுப்பும்போது, "தண்ணி ரொம்பக் குடிக்காதே" என்று சொல்லி அனுப்புகிறோமே, அதை நினைத்துக்கொண்டேன். வெயிலில் இரண்டரை மணி நேரம் நடக்கிற குழந்தையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

அடுத்தது அலை. மெரினாவில் குளிக்கக் கூடாது என்பது போலீஸ் உத்தரவு. அது வெறும் கெடுபிடி அல்ல. கரைக்கு அருகிலேயே கடல் சட்டென்று ஆழமாகிறது. திரும்பிப் போகிற அலை காலடி மணலை அரித்துக்கொண்டு ஆளையும் இழுக்கும். உயிரிழந்த பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையில் நாங்களே எத்தனை முறை அச்சிட்டிருக்கிறோம்! ஈர மணல் ஆரம்பிக்கிற இடத்துக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே ஒரு கயிறு கட்டுவது, அதைத் தாண்டி எந்தக் குழந்தையும் போகக் கூடாது, எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், அந்தப் பெரியவருக்கு வேறு வேலை கிடையாது, செல்போனில் படம் எடுப்பதுகூடக் கிடையாது என்று முடிவாயிற்று. நீரோட்டம் பார்க்க ஒரு பொருளைக் கடலில் எறிய வேண்டும் அல்லவா? அதற்கு நொச்சிக்குப்பத்து மீனவர் ஒருவரைப் பேசி வைத்தார்.

அந்த மீனவரிடம் ஆசிரியை அரை மணி நேரம் பேசினார். நான் அப்போது தேநீர் வாங்கப் போயிருந்தேன். என்ன பேசினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எறிவதற்கு என்ன பொருள்? எலுமிச்சம்பழம்! பந்தை எறிந்தால் அது தண்ணீருக்கு மேலே நிற்கும், காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். எலுமிச்சம்பழம் பெரும்பாலும் தண்ணீரில் அமிழ்ந்தே மிதக்கிறது. அதனால் காற்று சொன்னபடி அதிகம் கேட்காது, தண்ணீர் சொன்னபடி கேட்கும். கடலோடு போனாலும் மீனுக்குக் கேடில்லை. மஞ்சளாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியும். வாங்கியது இரண்டு டஜன். மற்றச் சாமான்கள் ஒரு அளவு நாடா, இரண்டு சிவப்புக் கொடி, ஒரு ஸ்டாப் வாட்ச், கட்டம் போட்ட தாள், பென்சில். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை பரவும்.

இத்தனையும் முடித்துக் குழந்தைகளைப் பள்ளிக்கூட மைதானத்திலேயே ஒரு நாள் ஒத்திகை பார்க்க வைத்தார். இருபது மீட்டர் நாடாவை விரித்து, ஒவ்வொரு குழந்தையும் அதைக் கடக்க எத்தனை அடி எடுத்து வைக்கிறது என்று எண்ணி, சராசரிக் காலடி நீளத்தைக் குறித்துக்கொண்டார்கள். கடற்கரை மணலில் முந்நூறு மீட்டருக்கு நாடா பிடிக்க முடியாது. காலடி எண்ணித்தான் அளக்க வேண்டும். "ஏன் மிஸ், மைதானத்திலே வைக்கிற அடியும் மணல்லே வைக்கிற அடியும் ஒண்ணா இருக்குமா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆசிரியை முகம் மலர்ந்துவிட்டது. காலடி நீளத்தை மணலிலேயே இன்னொரு தரம் அளப்பது என்று திட்டம் மாறியது. பையனின் பெயரைத் தாளின் மேலேயே எழுதினார், "இவர் சொன்ன திருத்தம்" என்று.

சனிக்கிழமை வந்தது.

மணலின் அகலத்தை மூன்று குழுக்கள் அளந்தன. 540 காலடி, 610 காலடி, 498 காலடி. தலைக்கு ஒரு கணக்கு! ஆனால் அவரவர் காலடி நீளத்தால் பெருக்கிப் பார்த்தபோது மூன்றும் 310 மீட்டருக்கும் 320 மீட்டருக்கும் நடுவில் வந்து நின்றன. அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நடுவே பஜ்ஜிக் கடைகளைச் சுற்றி வளைந்து போனால் கணக்குக் கெடும் என்று, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே புகுந்து நேராக நடந்தது ஒரு குழு.

'கடல் ஓரம்' என்றால் எது என்பதில் ஒரு பெரிய சண்டை. அலை முன்னே வருகிறது, பின்னே போகிறது. எதைத் தொட்டு அளப்பது? சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் சரிவான மணலில் அந்த ஒரு மீட்டர் உயரம் பத்து மீட்டர் தூரமாகிவிடும். கடைசியில், கடல் கொண்டு வந்து ஒதுக்கிய குப்பைக் கோடுதான் எல்லை என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள். அந்தக் கோடு கயிற்றுக்கு இந்தப் பக்கமே இருந்தது, பெரியவர்களுக்கும் நிம்மதி.

பிறகு எலுமிச்சம்பழம். இங்கேதான் கதை.

சென்னைக் கரையோரமாக ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகிறது. 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் சுவர்களை நீட்டினார்கள். 1881-ல் அடித்த புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். நடந்து போகிற மணலுக்கு நடுவழியில் சுவர் வந்துவிட்டால்? சுவருக்குத் தெற்கே மணல் தங்கியது. மெரினா அகலமாயிற்று. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டு 'மெரினா' என்று பெயரும் வைத்தார். இதையெல்லாம் குழந்தைகள் படித்திருந்தார்கள். ஆகவே எலுமிச்சம்பழம் வடக்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும்!

கரையோரமாக இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கொடிகள். மீனவர் எறிந்தார். இரண்டு பழங்களை அலை திருப்பிக் கொண்டு வந்து கரையில் போட்டுவிட்டது. மற்ற மூன்றும் போயின. 58 வினாடி, 71 வினாடி, 64 வினாடி. வினாடிக்கு ஏறக்குறைய முப்பது செண்டிமீட்டர் வேகம். ஆனால், தெற்கே!

என் அண்ணன் மகள் வகுப்பில் முதல் ராங்க். அவள்தான் அவள் குழுவுக்கு எழுத்தர். என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "அத்தை, பழம் தப்பாப் போகுது" என்றாள். சற்று நேரம் கழித்துத் தாளை எட்டிப் பார்த்தேன். 'திசை' என்ற கட்டத்தில் மூன்று இடத்திலும் 'வடக்கு' என்று எழுதியிருந்தது. முத்து முத்தான கையெழுத்து.

எனக்குக் காய்ச்சல்காரப் பையனின் ஞாபகம் வந்தது. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. நம் வீட்டுக் குழந்தை அல்லவா?

ஆசிரியையும் பார்த்துவிட்டார். திட்டவில்லை. அவளைக் கயிற்றருகில் அழைத்துப் போய், "இன்னொரு பழம் எறியச் சொல்கிறேன். நீ பார்த்துச் சொல்லு" என்றார். மீனவர் எறிந்தார். பழம் சாவகாசமாகத் தெற்கே போயிற்று.

"எங்கே போகுது?"

"தெற்கே... ஆனா புஸ்தகத்திலே வடக்கேன்னு போட்டிருக்கு, மிஸ்."

"புஸ்தகம் எழுதினவர் இன்னைக்கு இங்கே நிற்கலே. நீதான் நிற்கிறே."

அவள் ரப்பரைத் தேடினாள். "அழிக்க வேண்டாம். ஒரு கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்திலே எழுது" என்றார் ஆசிரியை. அழுதுகொண்டே எழுதினாள்.

பிறகு, அலை எந்தப் பக்கம் சாய்ந்து வந்து கரையில் மோதுகிறது என்று எல்லோரையும் பார்க்கச் சொன்னார். வடகிழக்கிலிருந்து சாய்ந்து வந்தது. இது வாடைக் காலம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் அலையும் மணலும் தெற்கே போகும். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைக்கும் வடக்கே போகும். வடக்கே போகிற மாதங்கள் அதிகம், போகிற மணலும் அதிகம். வருஷக் கணக்கு முடிக்கும்போது வடக்குத்தான் மிஞ்சும். புத்தகமும் பொய் சொல்லவில்லை, எலுமிச்சம்பழமும் பொய் சொல்லவில்லை.

திரும்பும்போது ஆசிரியையிடம் கேட்டேன், "உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று. சிரித்தார். போன வாரமே அந்த மீனவர் சொல்லிவிட்டாராம், "வாடை நாளும்மா, தண்ணி தெக்கேதான் போவும்" என்று. "அப்படியானால் குழந்தைகளிடம் ஏன் சொல்லவில்லை?" என்றேன். "சொல்லியிருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பார்கள். பழத்தை யார் பார்ப்பார்கள்?"

அடுத்த சனிக்கிழமை வடசென்னை. தெற்கே தங்கிய மணல், வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் அல்லவா? அது வராமல் போனதால் ராயபுரத்திலிருந்து வடக்கே, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. தடுப்பதற்குக் கரை நெடுகப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல் கட்டுகளையும் நீட்டினார்கள்.

இந்த இரண்டாவது பயணம் முதலில் திட்டத்திலேயே இல்லை. "உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் சின்ன வயசில் கடல் எங்கே இருந்தது என்று கேட்டு வாருங்கள்" என்று ஆசிரியை வீட்டுப் பாடம் கொடுத்திருந்தார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், மறுநாள் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு தாளைக் கொண்டு வந்தாளாம். பழைய வீட்டு வரி ரசீது. "எங்க ஆயா வீட்டோடது மிஸ். வீடு இல்லே. கடல்லே போயிடுச்சு. ரசீது மட்டும் இருக்கு" என்றாளாம்.

அங்கே போகலாமா என்று முதலில் அந்த ஆயாவிடம் ஆசிரியையே நேரில் போய்க் கேட்டு வந்தார். வரலாம், ஆனால் போட்டோ பிடிக்கக் கூடாது என்றார் ஆயா. அதுவும் திட்டத் தாளில் ஏறியது. கடலோரச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் இடைவிடாமல் ஓடுகின்றன. ஆகவே குழந்தைகள் சாலையைக் கடக்காமல் இறங்கி நிற்க ஓர் இடம் தேடுவதற்கே ஆசிரியைக்கு ஒரு காலை வேளை செலவாயிற்று. வழுக்கும் பாறைகள் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்று இங்கேயும் கயிறு கட்டினோம்.

மெரினாவில் அளந்த மாதிரியே இங்கேயும் மணலை அளக்கக் குழந்தைகள் தாளும் பென்சிலுமாக இறங்கினார்கள். அளப்பதற்கு மணல் இல்லை. சாலை, பாறை, அதற்கப்புறம் தண்ணீர். கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் அண்ணன் மகள்தான் முதலில் எழுதினாள், '0' என்று. இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை.

ஆயா வந்தார். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலைப் பார்த்துக் கையை நீட்டி, "அதோ, அந்தக் கல்லு தெரியுதா? அதுக்கும் அந்தாண்ட. எங்க தெரு அங்கேதான். அதுக்கும் அந்தாண்ட மணலு. அதிலேதான் கருவாடு காய வைப்போம்" என்றார்.

மைதானத்தில் காலடியைப் பற்றிக் கேட்டானே, அந்தப் பையன் மெதுவாகக் கேட்டான்: "மிஸ், அதை எப்படி அளக்கிறது?"

ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. வகுப்புக்குத் திரும்பியதும் பழைய வரைபடங்கள் எங்கே கிடைக்கும் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். ரசீதில் இருக்கும் தெருப் பெயரை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பதாக உத்தேசம். அந்தப் பெண்தான் அந்தக் குழுவுக்குத் தலைவி.

எலுமிச்சம்பழம் வடக்கே போவதைப் பார்க்க ஜூலையில் ஒரு சனிக்கிழமை மறுபடியும் மெரினாவுக்குப் போகப் போகிறார்கள். எட்டாம் வகுப்பு ஒன்பதாம் வகுப்பாகிவிடும், அதனால் என்ன என்கிறார் ஆசிரியை. புதுக் காகிதம் இப்போதே வீட்டுக்கு வந்துவிட்டது. அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டு, அடியில் பெரியவர்கள் பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

"ஏன், நான் போகக் கூடாதா?" என்றேன்.

"நீ போனா இவள் உன் தலைப்பையே பிடிச்சுக்கிட்டு நிற்பா" என்று சொல்லிவிட்டு, ஜூலையில் எலுமிச்சம்பழம் என்ன விலை விற்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.